பேச்சுமூச்சில்லாத பெட்டி

என் மனைவி தீபா கோபம் வந்தால் சத்தம் போடுகிறவள் அல்ல. பேச்சை நிறுத்திவிடுவாள். அன்று காலை அவளுடைய கம்ப்யூட்டர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க அரக்கோணத்துக் கடையில் சொல்லிவிட்டேன், சாயங்காலம் வண்டி வரும் என்றேன். அதோடு இவளும் பேச்சுமூச்சில்லாமல் ஆகிவிட்டாள்.

தீபா என் மாமன் மகள், அம்மையார்குப்பத்துக்காரி. புடவைக்கு டிசைன் போடுவது அவள் தொழில். கரை, முந்தி, புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பாள். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். கல்யாணச் சீரில் பீரோவோடு இந்தப் பெட்டியும் திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள், பெண் ஆபீசில் வேலை செய்கிறாளா என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

என் அம்மா வள்ளியம்மாளுக்கு மட்டும் அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. "பொட்டியாண்டயே குந்திகினு இருந்தா சோறு யார் பொங்கறது?" என்று சுவரிடம் கேட்பாள். மருமகளிடம் நேரே கேட்டதில்லை.

மத்தியானம் சோறு போடும்போதுதான் தீபா வாயைத் திறந்தாள்.

"பொட்டிய எடுத்துகினு போனா உள்ள இருக்கறதும் போயிடும் பாவா."

"ஆன் ஆவாத பொட்டியில இன்னா இருக்குது?"

"என் வேல இருக்குது."

தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் ஊரில் ஒரு கரை நன்றாக ஓடினால் மறுநாளே பக்கத்துத் தறிகளிலும் அதே கரை ஓடும். யார் கொடுத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் தீபா பென் டிரைவில்கூட நகல் எடுத்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து போட்ட டிசைன் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான். தறிக்காரர் துளசிங்கத்துக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய கரையும் அதில்தான். அது தவறினால் அவர் சென்னையில் ஆள் பார்த்துக்கொள்வார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள்.

"பரந்தாமன் அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன்," என்றாள். "தொறந்து பாக்கட்டும். உள்ள இருக்கற டிஸ்க் நல்லா இருந்தா ரிப்பேர் பண்ணிக்கலாம். போயிருந்தா வண்டியில ஏத்தி அனுப்பிடுங்க. புதுசும் வேணாம். இனிமே நான் இந்த வேலையே செய்யல."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பரந்தாமன் வந்து மூடியைக் கழற்றினார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது? தூசு கருப்பா இருக்கும். இது வெள்ளையா இருக்குதே." விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "விபூதி."

மேல்மூடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள். அதன் வழியே விழுந்த விபூதி, ஃபேனைச் சுற்றிக் கெட்டியாக அப்பியிருந்தது. ஃபேன் நின்று, சூட்டில் பவர் சப்ளை போய், போர்டும் போய்விட்டதாம்.

எங்கள் வீட்டில் கிருத்திகை தவறாமல் மலை ஏறி விபூதி வாங்கி வருவது ஒரே ஒரு ஆள். திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். தீபாவும் பார்த்தாள்.

"யார் போட்டது?" என்று பரந்தாமன் கேட்டார்.

அம்மாவின் உதடு அசைந்தது. அதற்குள் தீபா, "நான்தாண்ணா. வேல நல்லா நடக்கணும்னு போட்டேன்," என்றாள்.

"சாமி மேல பக்தி இருக்கட்டும்மா. ஃபேன் மேல வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். உள்ளே எதுவோ டிக் டிக் என்று தட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை. "இந்த சத்தம் நல்லதில்ல," என்றார். தீபா மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். நகம் வெளுத்திருந்தது. தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. கடைக்காரன் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டான். அவன்மேல் வந்த எரிச்சல் எனக்கு என்மேல்தான் வந்திருக்க வேண்டும்.

பரந்தாமன் பையைத் துழாவி வேறு கேபிள் எடுத்து மாட்டினார். தட்டல் நின்றது. பிறகு திரையில் மயில், மாங்காய், தாழம்பூ என்று அவள் போட்டவையெல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் துளசிங்கத்தின் கரை.

தீபா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வண்டியைத் திருப்பி அனுப்பி வசவு வாங்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன். துளசிங்கத்தின் கரை பரந்தாமன் லேப்டாப்பிலிருந்தே போய்ச் சேர்ந்தது. பெட்டிக்குப் புது பவர் சப்ளையும் போர்டும் போட்டோம்.

மாமியாரும் மருமகளும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த கிருத்திகையன்று அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். தீபா வேலையில் இருந்தாள். அம்மா விபூதிப் பொட்டலத்தோடு அறை வாசல் வரை போய், பெட்டியைப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு திரும்பினாள்.

தீபா நாற்காலியைத் திருப்பி, முகத்தை நிமிர்த்தி நெற்றியைக் காட்டினாள்.

"இங்க வைங்க அத்தே."