மச்சாள் கேட்ட கடல்

இன்றைக்கு என்ர சிநேகிதிகள் ராணி அக்காவும் பாத்திமாவும் என்னை வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றி, ஒஷாவா நகரம் தாண்டி லேக் ஓரமாகவே நாள் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். என்ர மனுசன் செத்து நாலு மாதம். அதுக்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டது இதுதான் முதல்.

இவருடைய சாம்பலை இந்த லேக்கில்தான் கரைத்தது. பொம்பிளையள் அதுக்குப் போறதில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. பிறகு இவருடைய தங்கச்சி, என்ர மச்சாள், லேக் என்றால் ஊர்க் குளம் மாதிரி என்று நினைத்து, ஊரில் இருந்து போன் எடுத்தா. "என்ர அண்ணாவைக் குளத்திலயே கரைச்சனீங்கள்? கடல் கிடைக்கேல்லையே?"

அன்றையில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

கரையில் கார் நின்றும் நான் இறங்கவில்லை. ராணி அக்கா கதவைத் திறந்து, "இறங்கடி, கண்ணாடிக்குள்ளால பாக்கவே உன்னை இவ்வளவு தூரம் கொண்டந்தனான்?" என்றா.

இறங்கிப் பார்த்தால், அம்மாடி! அந்தப் பக்கக் கரையே தெரியவில்லை. பச்சையும் நீலமுமாக அலை எழும்பி எழும்பி வந்து மணலில் விழுகுது. பாத்திமா சப்பாத்தோடு நனைந்துபோய், "அல்லாஹ், என்ன வடிவு!" என்று கத்துறா. நான் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தன். உப்பு மட்டும்தான் இல்லை.

இவ்வளவு பெரிசுக்குள்ளதான் இவர் இருக்கிறார் என்று நினைக்க, நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கிச்சுது.

வீடியோ எடுத்து மச்சாளுக்கு அனுப்பினன். உடனே பதில் வந்தது.

"நல்ல வடிவான கடல் மச்சாள். உது கிட்ட இருக்க, ஏன் அண்ணாவைக் குளத்தில விட்டனீங்கள்?"

இதுக்கு நான் என்னெண்டு எழுதட்டும், நீங்களே சொல்லுங்கோ.