ஓடு சூடேறும் முன்

பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வயர்மேன். நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இந்தக் கதையில் பாதி அவர் சொன்னது, கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது, மிச்சம் வேலுத்தாய் என்கிற பெண் சொன்னது.

எண்பத்தைந்தாம் வருஷம் எங்கள் முதலாளிக்கு ஓர் ஆமை வந்தது. செய்ஷெல்ஸ் தீவில் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். நம் கிணற்றில் கிடக்கும் ஆமை மாதிரி இல்லை. தரையில் நடந்து புல் மேய்கிற சாதி. கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஓடு, யானைக்குட்டிக்கு இருப்பதுபோல் கால். லாரியிலிருந்து இறக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. முதலாளியின் வீட்டம்மா, ஆமை வாசல்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு போகிற வழியில் இருந்த அவருடைய மாந்தோப்பில் கொண்டுபோய் விட்டார்கள். எம்புட்டு வயசு என்று யாருக்கும் தெரியாது. எப்படியும் நம்மைவிட மூத்தது என்று தோப்பில் எல்லோரும் அதைப் ‘பெரியவர்’ என்றே சொன்னார்கள்.

சித்திரை, வைகாசியில் பெரியவருக்கு ஒரு குறையும் இல்லை. ஐப்பசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. மலையிலிருந்து மேகம் தோப்புக்குள்ளேயே இறங்கிவிடும். காலை பத்து மணி வரை வெயில் எட்டிப் பார்க்காது. ஈரக்காற்று வேறு. தீவில் வருஷம் பூராவும் வெக்கையில் கிடந்த உடம்பு அது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு பதினொரு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தது. மூக்கில் சளி ஒழுகியது. கொட்டகையில் ஒரு பல்பு போட்டால் சூடாக இருக்குமே என்று முதலாளிக்கு யோசனை வர, பொன்னுராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஒரு பல்பு போடப் போனவர் ஒரு வீடே கட்டிவிட்டார். செங்கல்லில் இரட்டைச் சுவர், நடுவில் உமி. கூரை ஓட்டுக்கு அடியில் பலகை அடித்து, சூடு மேலே போகாமல் தடுத்தார். தரையில் தென்னை நார்த்தூள். வாசலில் கதவு வைத்தால் பெரியவர் முட்டி உடைத்துவிடுவார் என்று மில்லில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட்டைக் கீறிக் கீறித் திரை மாதிரித் தொங்கவிட்டார். கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குப் போடுகிற சிவப்பு விளக்கு இரண்டு, பெரியவர் ஓடு இடிக்காமல் கம்பி வலை போட்டு மாட்டினார். ஸ்பின்னிங் டிபார்ட்மென்டில் ஓரமாகக் கிடந்த வெப்பமானியைக் கேட்டு வாங்கிச் சுவரில் பதித்தார். உள்ளே இருபத்தைந்து டிகிரிக்குக் குறையவே விடமாட்டார்.

தீனியும் அவர் பொறுப்புக்கே வந்தது. அருகம்புல், காய்ந்த சோளத்தட்டை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. மாம்பழம் ஒன்றோ இரண்டோதான், மிஞ்சினால் வயிற்றால் போகும். ஓடு உறுதியாக இருக்க நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிற கணவாய் ஓட்டை வாங்கி இடித்துக் கீரையில் தூவுவார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. போட்டுப் பார்த்து, சாணத்தைக் கிளறிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். குளிர்காலத்தில் வெயில் ஏறி ஓடு சூடாகும் முன்னே தீனி வைக்கக் கூடாது. வைத்தால் பெரியவர் தின்றுவிடுவார். ஆனால் உடம்பு குளிர்ந்து கிடக்கையில் தின்றது செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே புளித்துவிடும். விளக்குச் சூடு குளிரைத் தாங்கத்தான், செரிக்க அது போதாது. அதனால் மேகம் மூடின நாளில் தோப்பு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் இறக்கி, ஓட்டில் கைவைத்துப் பார்த்து, பிறகுதான் ஒரு கட்டு கீரையைப் பிரிப்பார். தினமும் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். காவல்காரன் இருளப்பசாமி ஒரு இலையைக் கிள்ளிப் போட்டால்கூட அவருக்குப் பிடிக்காது. விருந்தாளிகள் வந்தால் முதலாளி, “இது பொன்னுராஜுக்குப் பிள்ளை மாதிரி,” என்பார். அதைச் சொல்கிற நாளில் கேன்டீனில் எனக்கும் சேர்த்து வடை வாங்குவார் பொன்னுராஜ்.

தொண்ணூறில் மில்லுக்குப் புது மிஷின்கள் வந்தன. வயர்மேன்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர் தோப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் போவதே பெரிய பாடு என்று ஆனதும், முதலாளி மம்சாபுரத்திலிருந்து வேலுத்தாயைக் கொண்டுவந்து வைத்தார். முப்பது வயது இருக்கும். களையெடுப்பும் கதிரறுப்புமாகக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. தோப்பு வீட்டிலேயே தங்கிக்கொண்டாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பொன்னுராஜ் தோப்புக்குப் போனபோது அதைப் பார்த்தார். வேலுத்தாய் பெரியவர் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு அதன் கழுத்தடியைச் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நாலு காலையும் நிமிர்த்தி, அடிவயிறு தரையைவிட்டு ஒரு முழம் எழும்ப நின்று, கழுத்தை முழுசாக நீட்டிக் கண்ணைச் சொக்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. அவ்வளவு நீளக் கழுத்து அதற்கு உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இது எப்ப இருந்து?” என்று கேட்டார்.

“வந்த ரெண்டாம் வாரமே இப்படித்தான், அண்ணாச்சி. நான் நடந்தா பின்னாலயே வருதாரு.”

அவள் எழுந்து கிணற்றுப் பக்கம் போனாள். பெரியவர் திரும்பி, அவள் பின்னால் நடந்தது. பொன்னுராஜ் கொண்டுபோயிருந்த அகத்திக் கட்டு கையிலேயே இருந்தது.

அவள் இல்லாத நேரம் பார்த்து அவரும் கழுத்தைச் சொறிந்து பார்த்தார். பெரியவர் உஸ்ஸென்று மூச்சைவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதை என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் வாங்கிப்போட்ட தொட்டியில் அவள் தண்ணீர் மாற்றுவது, அவர் கட்டின வீட்டு வாசலில் அவள் கோலம் போடுவது, எல்லாமே. பேப்பர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பெரியவரைப் போட்டோ எடுத்துப் போட்டார். படத்தில் பக்கத்தில் வேலுத்தாய் சிரித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆமை வீட்டின் ஒரு மூலை தெரிந்தது. பொன்னுராஜ் பேர் எங்கேயும் இல்லை. முதலாளி அந்தப் பேப்பரை மில்லுக்கே கொண்டுவந்து, “அந்தப் பொம்பள வந்த பொறவுதாம்யா அது மனுசரையே ஏறிட்டுப் பாக்குது,” என்று அவரிடமே சொன்னார். அன்றைக்குப் பொன்னுராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அவர் மனைவி சண்முகத்தாயும் கேட்டிருக்கிறார். “அந்தப் பிள்ள மேல உங்களுக்கு என்ன கோவம்? அவ பாட்டுக்கு வேலையப் பாக்கா. ராத்திரி சோத்துல உக்காந்தும் அவளையே ஏசுதிய.”

ஐப்பசி பிறந்தது. முதல் மழை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாய் அவரிடம் கேட்டாள். “குளிர் வந்துட்டு அண்ணாச்சி. காலைல தீனி எப்ப வைக்கட்டும்? நீங்க ஏதோ கணக்கு வச்சிருக்கியன்னு இருளப்பண்ணன் சொன்னாரு.”

பொன்னுராஜ் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஒரு கணக்கும் இல்ல. பசிச்சா வை. எப்ப வச்சா என்ன?” என்றார்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை என்று பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தார். வாயில் வந்தது, சொல்லிவிட்டார். ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை.

பாவம், அவள் பிரியத்தில் விடியும் முன்னே எழுந்து, பனி ஈரத்தோடு கீரை அறுத்துவந்து, இருட்டுப் பிரியும்போதே ஊட்டினாள். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் தூறியபோது பெரியவர் படுத்துவிட்டது. வாயோரம் நுரை. தொடைச் சந்துகளில் சதை உப்பிக்கொண்டு நின்றது. சாணம் போய் ஆறு நாள்.

பொன்னுராஜ் பார்த்தவுடனே காரணம் தெரிந்துகொண்டார். அன்றைக்கும் சொல்லவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தார். மூன்றாம் நாளும் வந்தார். வேலுத்தாய் சாப்பிடாமல் ஆமை வீட்டு வாசலிலேயே கிடந்தாள். அதைப் பார்க்க அவருக்கு ஒரு பக்கம் நடுக்கமாகவும் ஒரு பக்கம் திருப்தியாகவும் இருந்ததாம். திருப்தி என்ற வார்த்தையை அவரேதான் சொன்னார்.

நாலாம் நாள் முதலாளி காரில் ஒரு மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் நல்ல மனுஷர். “மாடு, நாய் பார்த்திருக்கேன், இதைப் பார்த்ததில்லை,” என்று ஒளிக்காமல் சொன்னார். ஓட்டைத் தட்டிப் பார்த்து, வயிறு அடைத்திருக்கிறது என்றார்.

முதலாளி வேலுத்தாயைப் பார்த்தார். “என்னத்த போட்ட அதுக்கு?”

“வழக்கமா போடுத கீரைதான் முதலாளி. வேற ஒண்ணும் போடல.”

“உன்ன நம்பி விட்டது என் தப்பு. நாளைக்கு மம்சாபுரத்துக்குக் கிளம்பு.”

அவள் அழவில்லை. முந்தானையால் பெரியவர் வாயோரத்து நுரையைத் துடைத்தாள். பிறகு பொன்னுராஜைப் பார்த்து, “என் கை அதுக்கு ஆகல போல, அண்ணாச்சி. இனி நீங்களே பாத்துக்கோங்க. உங்ககிட்டன்னா பொழச்சுக்கிடும்,” என்றாள்.

அவர் ஆசைப்பட்டது அதுதான். அதை அவளே கையில் கொண்டுவந்து கொடுத்தபோது அவரால் வாங்க முடியவில்லை.

“அவ மேல தப்பு இல்ல, முதலாளி,” என்றார். “வெயில் ஏறாம தீனி வைக்கக் கூடாது. எனக்குத் தெரியும். அவ கேட்டா. நான் சொல்லல.”

வேலுத்தாய்தான் கேட்டாள்.

“நாலு நாளா இதப் பாத்துக்கிட்டா நின்னிய?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“எம்மேல கோவம்னா என்னைய ஏசிருக்கலாம். அடிச்சுக்கூட இருக்கலாம். இந்த வாயில்லாத சீவன் உங்கள என்ன செஞ்சது?”

பொன்னுராஜ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெந்நீர் போடப் போனார்.

டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்து, விளக்கு இன்னொன்று மாட்டி உள்ளே முப்பது டிகிரிக்குச் சூட்டை ஏற்றி, ஒரு நாளைக்கு மூன்று தடவை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள். இறக்க நாலு ஆள், ஏற்ற நாலு ஆள். வேலுத்தாய் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நின்று எல்லாம் செய்தாள். ஒன்பதாம் நாள் தொட்டித் தண்ணீரில் சாணம் விழுந்தது. அழுகின நாற்றம் தோப்பு முழுக்க அடித்தது. வேலுத்தாய் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் பெரியவர் ஒரு செம்பருத்தி இலையைக் கடித்தது.

முதலாளி பொன்னுராஜை வேலையை விட்டு அனுப்பவில்லை. “நீ மில்லு வேலையப் பாரு. இனி தோப்புக்கு வர வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார். மூன்று வருஷம் அவர் போகவில்லை. வேலுத்தாய் அங்கேயே இருந்தாள்.

தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஆமை வீட்டு வயரிங் ஈரத்தில் கெட்டுவிட்டது. வில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆள் இரண்டு தடவை சரிசெய்தும் விளக்கு நின்று எரியவில்லை. இரட்டைச் சுவருக்குள் கம்பி எப்படிப் போகிறது என்று கட்டினவருக்குத்தானே தெரியும்? வேலுத்தாயே முதலாளியிடம் சொல்லி, பொன்னுராஜைக் கூப்பிட வைத்தாள். வாசலில் நிறுத்தி, “கரண்டு சோலிய மட்டும் பாருங்க, அண்ணாச்சி. தீனி பக்கம் வர வேண்டாம்,” என்றாள்.

“சரிம்மா,” என்றார்.

ஏணிமேல் உட்கார்ந்து பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வெளியே வெயில் ஏறியது. வேலுத்தாய் ஓட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கீரையைப் பிரித்தாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். பெரியவர் நாலு காலில் எழும்பி நின்றது.

“வயிறு எரிஞ்சுது தம்பி,” என்றார் என்னிடம். “அத்தன நடந்த பொறவும் எரிஞ்சுது. நான் என்ன செய்ய? கம்பிய ஒழுங்கா முறுக்கி, டேப்பு சுத்திட்டு இறங்கிட்டேன்.”

அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசிக்கும் மழைக்கு முன்னே ஒரு நாள் போய் வயரிங் பார்த்துவிட்டு வந்தார். முதல் இரண்டு வருஷம் வேலுத்தாய் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் காபி போட்டுக் கொடுத்தாள். தொண்ணூற்றெட்டில் ரிடையர் ஆன பிறகும் சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தார். தீனி பக்கம் மட்டும் அவள் அவரை ஒரு நாளும் விடவில்லை. அவரும் கேட்கவில்லை.