எண்ணெய் ஒற்றிய தாள்

மலேசியாவில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் சாமான்களில் குறை கண்டுபிடிப்பதுதான் பரமேஸ்வரியின் வேலை. அந்தக் கண்ணோடுதான் பாசாரில் மீனையும் பார்ப்பாள், வீட்டில் புருஷனையும் பார்ப்பாள். முகம் கழுவ ஒரு பிரஷ் வாங்கப் போனபோதும் அதே கண்தான்.

கடைப்பெண் தர்ஷிகா அவள் நெற்றியில் ஒரு தாளை ஒற்றி எடுத்தாள். தாள் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது.

"எண்ணெய் வழியிற முகம்க்கா. உங்களுக்கு இந்த சிலிக்கான் பிரஷ்தான் சரி."

"தாள்லயே எண்ணெய் தடவி வச்சிருப்பே லா. புதுசு பிரி!"

புதுத் தாளைக் கன்னத்தில் ஒற்றினாள் தர்ஷிகா. பொட்டு எண்ணெய் இல்லை. பழைய தாளை மோந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தேங்கா எண்ணெய்க்கா! தலைக்கு வச்சது நெத்தியில வழிஞ்சிருக்கு. உங்களுக்கு வறண்ட தோலு, பிரஷ் போட்டா எரியும். இந்த மெல்லிசு ஸ்பாஞ்ச் போதும், விலையும் கம்மி."

பரமேஸ்வரியின் கண் சுருங்கியது. விலை கூடின சாமான் கையில் இருக்க, எந்தக் கடைக்காரி மலிவானதை எடுத்து நீட்டுவாள்? ஸ்பாஞ்சில்தான் ஏதோ கோளாறு.

"என்கிட்டயேவா?" என்று பிரஷையே வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் கன்னம் தீயாய் எரிந்தபோது, அந்தப் பெண் பிரஷில் எதையோ தடவிக் கொடுத்துவிட்டாள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.