அப்பா நிறுத்திய பாட்டுப் படம்

என் மகன் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு தியேட்டருக்குப் புறப்பட்டான். ஒரு பழைய பாட்டுப் படமாம். பார்க்கப் போகிறவர்களும் அதில் வருகிறவர்கள் போல வேஷம் போடுவார்களாம். வேலைக் களைப்போடு கதிரையில் சாய்ந்திருந்தேன். அவன் கைபேசியில் அந்தப் படத்தின் பாட்டு ஒலித்தது. எனக்குத் தெரிந்த பாட்டு.

அதை முதலில் கேட்டபோது எனக்கும் உங்கள் வயதுதான், இதை வாசிக்கும் பிள்ளைகளே. ஜேர்மனியில், எசன் நகரில் ஒற்றை அறை வீடு. பாட்டு நிறைய இருந்தால் குடும்பப் படம் என்று நம்பி, அப்பா அந்தப் படத்தின் வீடியோ கசட்டை எடுத்து வந்தார். தேத்தண்ணியோடு எல்லோரும் பாயில் இருந்தோம். சிவந்த உதடும் பெண்களின் காலுறையுமாக ஓர் ஆண் ஆடி வந்தான். அப்பா உடனே நிறுத்தினார்.

"பாட்டு முடியட்டும், அத்தான்," என்றார் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா.

"ஏன்ரா, நீயும் உப்பிடியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா இல்லையென்று சொல்லவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த கிழமை அவர் பெட்டியோடு போனபோது ஒருவரும் மறிக்கவில்லை.

மகனிடம் இதைச் சொன்னேன்.

"இப்ப அவர் எங்கை, அப்பா?"

"தெரியாது."

"நீங்கள் தேடேல்லையோ?"

அப்பாவுக்குப் பயந்து தேடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா செத்தே பதினொரு வருஷம்.