அம்மா தானே அழித்த பொட்டு

அம்மா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தரும் இந்நாளிலும், அன்று கேட்டதை என்னால் நம்ப முடியவில்லை.

மாதேஸ்வரன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அம்மா. கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு கௌதள்ளிக்கு வந்தபோது அவருக்கு வயது இருபது. நான் பிறக்கும் முன்பே அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றே எனக்குச் சொல்லியிருந்தார். அம்மா பொட்டு வைத்தோ பூச்சூடியோ நான் பார்த்ததில்லை.

ராகிக் காட்டில் களையெடுத்தும், சோளக்கதிர் அறுத்தும் என்னை வளர்த்தார். வேலையில்லாத நாட்களில் வேலியோரக் கீரையே எங்கள் உணவு. நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததும், தோட்டத்து முதலாளி என்னை மாடு மேய்க்க அனுப்பச் சொன்னார். மறுத்தால் அம்மாவின் கூலிவேலையும் போய்விடும். அம்மா குரலை உயர்த்தவில்லை. “மாட்டையும் நானே பாத்துக்கறனுங்க. புள்ள பள்ளிக்கூடம் போவட்டுங்க” என்றார். களைவேலையோடு மாடுகளையும் ஐந்தாண்டுகள் மேய்த்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மைசூரில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. தேவராஜ மொஹல்லாவில் ஓர் அறை எடுத்து அம்மாவை அழைத்துக்கொண்டேன். சென்ற ஆண்டு ஒரு காலையில் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனவர், அங்கேயே சரிந்துவிட்டார். அங்கிருந்த சுமைதூக்குவோர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. செய்தி வந்தபோது நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். பாதி பின்னிய சடையோடு ஓடினேன்.

மறுநாள் அம்மாவைக் குளிப்பாட்டியதும் சித்தி குங்குமச் சிமிழுடன் வந்தார். எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற நரைத்த மனிதரைக் காட்டி, “அவருதான் உங்கப்பா. அவரு உசுரோட இருக்கறப்ப அக்காள எப்பிடி வெறும் நெத்தியோட அனுப்பறது?” என்றார்.

நான் வயிற்றில் இருந்தபோதே அப்பா வேறொரு பெண்ணுடன் போய்விட்டாராம். ஓடிப்போனவன் மகள் என்று ஊர் என்னைப் பேசிவிடக் கூடாதென்று, அம்மா தாலியைக் கழற்றிவிட்டுக் கைம்பெண்ணாகவே வாழ்ந்திருக்கிறார். அந்த மனிதர் அருகில் வந்து, “உம் பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா தானா அழிச்ச பொட்டு, சித்தி. நாம வெக்க வேண்டாம்.”

சித்தி சிமிழை மூடினார். அம்மா வாழ்ந்த கோலத்திலேயே போனார். தாய்மாமாதான் கொள்ளி வைத்தார்.

அம்மாவைத் தூக்கிச் சென்ற மார்க்கெட் தொழிலாளர்களுக்கும், மூன்று நாட்கள் எனக்குச் சோறூட்டிய பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்காவுக்கும் நன்றி. உறவினர்களே, உங்கள் அனைவருக்கும் இது தெரிந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் நன்றி சொல்லத்தான் நினைக்கிறேன், இன்னும் முடியவில்லை.