கெண்டைத் தலைக்காக ஒரு மலைப்பயணம்

மூணாறு என்றதும் தேயிலைத் தோட்டப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். போன மார்ச்சில் நான் போனது மீனுக்காக. கோயம்புத்தூரில் ஆய்வு மாணவி நான். உதவித்தொகை அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. அதற்குள் பன்னிரண்டு கெண்டைகளின் மூளையும் செவுளும் ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும். ஒரே பண்ணையில் ஒன்றாகப் பொரித்த குஞ்சுகளில் பாதியைக் கொல்லங்கோட்டு வெயிலில் ஒரு குளத்திலும், பாதியை மூணாற்றில் ஒரு எஸ்டேட் குளத்திலும் நானே விட்டு நான்கு மாதம் காத்திருந்தேன்.

விஷயம் இதுதான். உயிரணுவின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் நேராக இருந்தால் கொலஸ்ட்ரால் அவற்றின் நடுவே உறுதியாக நிற்கும். இரட்டைப் பிணைப்பு கூடக்கூட அமிலம் வளையும், கொலஸ்ட்ராலுக்குப் பிடிமானம் குறையும். குளிரில் வாழும் மீனோ, சவ்வு இறுகிவிடாமல் இருக்க வளைந்த அமிலங்களைத்தான் சேர்த்துக்கொள்கிறது. அப்படியானால் அதன் கொலஸ்ட்ரால் எங்கே ஒதுங்குகிறது? இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியோடுதான் படுத்து எழுந்தேன்.

சனிக்கிழமை காலை 7.15க்குக் கொல்லங்கோடு. குளத்துக்காரர் பழனிசாமி அண்ணன் ஆறு மீன் பிடித்துக் கொடுத்தார். குளத்தை மறுநாள் வற்ற இறைக்கப் போவதாகவும் சொன்னார்.

"ஏனுங்க, இத்தூண்டு மீன வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

ஆராய்ச்சிங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு நடையைக் கட்டினேன். மீன்களை ஃபாயிலில் சுற்றி, உலர்பனி (டிரை ஐஸ்) போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்தேன்.

பொள்ளாச்சி 38 கி.மீ., அங்கிருந்து உடுமலை 30. உடுமலையில் 12.30 மூணாறு பஸ், 85 கி.மீ., டிக்கெட் 115 ரூபாய். நிற்கக்கூட இடமில்லை. நேராக நின்றவர்களுக்கு நடுவே நானும் ஒட்டிக்கொண்டு நன்றாகத்தான் நின்றேன். சின்னாறில் ஏறியவர்கள் மூட்டையும் முழங்கையுமாக வளைந்து நின்றபோது படிக்கட்டுக்குத் தள்ளப்பட்டேன். கொலஸ்ட்ராலின் பாடு புரிந்தது. வழியில் யானை நின்றதில் ஒரு மணி நேரம் போய், மூணாறு சேர மாலை 5.40.

தங்கியது எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில், ஜீப் ஓட்டும் மாரியப்பன் அண்ணன் வீட்டில். அவர் மனைவி செல்வி அக்கா கொழுந்து பறிப்பவர். பெட்டியில் என்ன டீச்சர் என்று கேட்டார். காலேஜிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு டீச்சர்தான். மீனுதான் அக்கா என்றேன். அதற்கு மேல் சொன்னால் புரியவா போகிறது என்று நினைத்தேன். இந்த நினைப்புக்குத்தான் அனுபவிக்கிறேன்.

ஞாயிறு காலை 6.30க்குக் குளத்தில் மீதி ஆறு மீன் கிடைத்தது. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, அனுமதி கொடுத்த மேஸ்திரியைப் பார்த்து நன்றி சொல்லப் போனேன். 9.30க்குத் திரும்பினால் பெட்டி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு தூக்குவாளி.

"பெட்டில ஐஸும் இல்ல, தண்ணியும் இல்ல டீச்சர். மீனு நாறிப்போயிருமேன்னு சுத்தம் பண்ணி மஞ்சளும் உப்பும் தடவிட்டேன். இனி ஊரு வரைக்கும் கெடாது."

உலர்பனி உருகித் தண்ணீராவதில்லை, ஆவியாகவே போய்விடும். மிச்சமிருந்த துண்டும் காகிதத்தில் சுற்றி அடியில் கிடந்தது. அதை அக்காவுக்கு யார் சொன்னார்கள்?

"தலையெல்லாம் எங்கக்கா?"

"தலைதான மொதல்ல கெடும்? பூனைக்குப் போட்டேன்."

செவுளும் மூளையும் அந்தத் தலையில்தான் இருந்தன. கோபம்கூட வரவில்லை, யார் மேல் கோபப்படுவது? லீவு நாளில் குளிரில் உட்கார்ந்து பன்னிரண்டு மீன் ஆய்ந்திருக்கிறார், விரலெல்லாம் மஞ்சள். நன்றிக்கா என்று வாளியை வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் உடுமலை வரை ஜன்னலைப் பார்த்தே அழுதேன்.

மறுபடி போகலாமே என்கிறார்கள். கொல்லங்கோட்டுக் குளம் வற்றிவிட்டது. உதவித்தொகையும் நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் பதில் கண்டுபிடிக்கப் போவதில்லை.

போகிறவர்களுக்கு: உடுமலையில் 12.30 பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். மாலை ஐந்துக்கு மேல் ஸ்வெட்டர் வேண்டும். பெட்டியில் எதைக் கொண்டுபோனாலும், தங்குகிற வீட்டில் உட்கார்ந்து முழுக்கதையையும் சொல்லிவிடுங்கள். பத்து நிமிஷம் போதும்.

வீடு வந்த அன்று இரவே செல்வி அக்கா போன் செய்தார்.

"மீனு கெடாம வந்து சேந்துச்சா டீச்சர்?"

"சேந்துச்சுக்கா," என்றேன். "ஒண்ணுகூடக் கெடல."