கதிரை வேண்டாம், மைக்கைத் தாங்க

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அறிவிப்பு அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தம்புள்ளை பஸ் எங்கே என்கிறார், ஓர் அம்மா பிள்ளையைக் காணவில்லை என்று அழுகிறார், ஒரு டிரைவர் சிங்களத்தில் ஏசுகிறார், போனும் விடாமல் அடிக்கிறது. எனக்கு வேலை காட்டித் தந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ அந்த இரைச்சலுக்குள் தலை தெளிந்தது. மைக்கை எடுத்தேன். தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி மாற்றிப் பேசினேன். பிள்ளை ரத்தோட்டை பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் துணிக்கடை வேலையும் ஒரு கந்தோரில் கிளார்க் வேலையும் கையை விட்டுப் போயிருந்தன. வீட்டில் சோறு அடிப்பிடிக்கும், சாவி பிரிட்ஜுக்குள் கிடக்கும். “ரெஜினாவுக்குக் கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்” என்பார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உள் அறை

சில வருடங்கள் நன்றாகப் போயின. ஒரு நாள் தலைமை டைம் கீப்பர் பாரூக் நானா கூப்பிட்டார்.

“மகள், எத்தன நாளைக்குத்தான் மைக்கப் புடிச்சிக் கத்துவீங்க? உள்ளுக்கு வாங்க. ரன்னிங் சார்ட் போடுற வேல. பேன் இருக்கு, உக்கார நல்ல கதிர இருக்கு, சம்பளமும் கூட.”

எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு, அதாவது எந்த பஸ்ஸுக்கு எந்த டேர்ன் என்று மறுநாளைக்கான சார்ட் போடுவதுதான் வேலை. வீட்டில் பாற்சோறு சமைத்தார்கள். நானும் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காத அறை. அங்கேதான் என் பாடு திண்டாட்டம் ஆனது. ஒரு வரி எழுதுவேன். வெளியே ஹோர்ன் கேட்டால் அது யாருடைய பஸ் என்று மனம் ஓடிவிடும். திரும்பி வந்து பார்த்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. காலையில் எழுதியதை மாலையில் அழித்து எழுதினேன். வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழவும் செய்தேன்.

ஒரு டேர்னுக்கு ரெண்டு பஸ்

கடைசியில் நடந்தே விட்டது. பின்னேரம் நாலரைக்கு ரத்தோட்டை மேடையில் இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே டேர்னைப் போட்டு வைத்திருந்தேன். அதைவிட மோசம், லக்கலைக்குப் போகும் கடைசி டேர்னுக்கு பஸ்ஸே போடவில்லை. சட்டையைப் பிடித்த இருவருக்கும் அன்றிரவே திரும்பும் டேர்ன் இருந்ததால் அவர்களையும் அனுப்ப முடியாது. டீச்சர்மார், கிளினிக் வந்த கர்ப்பிணி ஒருத்தி, உர மூட்டையோடு விவசாயிகள் என்று ஒரு பஸ் சனம் நிற்கிறது. வழியில் ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி இறங்கிவிடும். அதைத் தாண்டினால் இருட்டில் யானை.

“யா அல்லாஹ், என்ன மகள் செஞ்சி வெச்சிருக்கீங்க!” என்றார் நானா.

நான் வெளியே ஓடினேன். மேடைக்கு வந்ததும் தலை தெளிந்துவிட்டது. நாலந்தா பஸ் டிரைவர் சுனில் அன்றைய டேர்ன் முடித்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே கைக்குழந்தைக்குப் போடும் நுளம்பு வலை ஒன்றைக் காலையில் பார்த்திருந்தேன். அவர் மனைவி லக்கலையில் தாய் வீட்டில் பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கொண்டக்டர் யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்திருந்தது.

“சுனில் ஐயே, இன்னைக்கே மகளப் பாக்க போறீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நானா மேலிடத்துக்குப் போன் அடித்து அனுமதி வாங்கினார். நான் மைக்கில் லக்கலை என்று கூப்பிட்டேன்.

கிளினிக்

அந்த மாதம்தான் மகனைக் கண்டி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஎச்டி என்று சொன்ன டொக்டர் மிஸ், என்னையும் தனியாகக் கூப்பிட்டு நிறையக் கேட்டு, எனக்கும் அதேதான் என்றார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று மாமியார் முணுமுணுத்தார். இது வெறும் சாக்குத்தானோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது.

பஸ் குழப்பத்துக்குப் பிறகு போனபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பிழையைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்த நுளம்பு வல உங்க கண்ணுல எப்பிடி பட்டிச்சி?”

“எல்லாமே கண்ணுல படும் மிஸ். அதுதானே என் வியாதி.”

“அத வெச்சித்தானே அவ்வளவு பேர வீட்டுக்கு அனுப்பினீங்க?”

கண்டியிலிருந்து வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

கேட்டது

மறுநாள் நானாவின் மேசைக்கு முன்னால் நின்றேன். இனிமேல் கவனமாக இருப்பேன் என்று நான் சொல்லப்போவதாக அவர் நினைத்தார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எல்லோருக்கும் நான் கொடுத்த வாக்கு அது. ஒருநாளும் காப்பாற்றியதில்லை.

“நானா, இந்தக் கதிர எனக்கு வேணாம். மைக்கத் தாங்க. சார்ட்ட இப்ப மைக்குல இருக்கிற குமுதினிகிட்ட குடுங்க, அவளுக்குச் சத்தம்னா தலவலி, எழுத்துன்னா உசிரு.”

“சம்பளம் கொறையுமே மகள்? சனம் எறக்கிட்டாங்கன்னு பேசுமே?”

“பேசட்டும் நானா. உள்ளுக்கு இருந்தா நான் பிழை மட்டுந்தான் செய்வேன்.”

அவர் மேசையில் இருந்த சார்ட்டை எடுத்தார். பிறகு குமுதினியைக் கூப்பிட்டார்.

இன்றைக்கும் சாவி தொலைகிறது. அலாரம் வைத்துத்தான் மருந்து குடிக்கிறேன். மைக்கில் பேசுகிறவள் என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். பிழை விடும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். எங்கே நின்றால் உங்கள் தலை தெளிகிறது என்று பாருங்கள், அந்த இடத்தை வாய் திறந்து கேளுங்கள். எனக்கு அதைக் கேட்க நாற்பத்தைந்து வயதானது. கேட்டதும் தந்துவிட்டார்கள்.